கல்லூரிக் கேள்வி பதில்: கட்டி வைத்த விடைத்தாளை அவிழ்த்துப் பாருங்கள்

போன இதழில், கல்லூரிப் பாடத்திட்டம், தேர்வு, மதிப்பெண் இவை பற்றி மட்டும் கேள்வி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆசிரியர்களிடமிருந்து, அதிலும் பெரும்பாலானவை புலம்பல். நானும் முப்பது வருஷம் சென்னையில் இயற்பியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன்தான், அதனால் புலம்பலைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று நிறையப் பேர் எழுதியிருந்ததால் யாருடைய பெயரும் இல்லை, ஊர் மட்டும்.

கேள்வி: தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். வருஷம் முழுக்க சி.ஓ. (ஒரு பாடம் முடிந்ததும் மாணவருக்குத் தெரிய வேண்டியவை), பி.ஓ. (படிப்பே முடிந்ததும் தெரிய வேண்டியவை) என்று எக்ஸெல் ஷீட் நிரப்புகிறோம். கடைசியில் ஒவ்வொரு பாடத்துக்கும், அதை எவ்வளவு எட்டினோம் என்று மூன்றுக்கு 'அட்டெயின்மென்ட் 2.4' என்பது போல ஒரு எண் வருகிறது. அந்த எண்ணைப் பார்த்து யாரும் எதையும் மாற்றி நான் பார்த்ததில்லை. இது வெறும் கண்துடைப்பா, சார்? (பூந்தமல்லி)

பதில்: நீங்கள் செய்கிற விதத்தில் கண்துடைப்புதான் அம்மா. ஆனால் அதன் பின்னால் இருக்கும் யோசனை நல்ல யோசனை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1989இல் சில நாடுகளின் பொறியியல் அங்கீகார அமைப்புகள் சேர்ந்து வாஷிங்டன் ஒப்பந்தம் என்று ஒன்றைப் போட்டன. உன் நாட்டில் அங்கீகாரம் பெற்ற பி.இ.யை என் நாட்டில் சமமாக மதிக்கிறேன், நீயும் அப்படியே மதி என்பது அதன் சாரம். இந்தியாவில் பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் என்.பி.ஏ. அதில் முழு உறுப்பினரானது 2014 ஜூனில். அதற்கு முன் நம் ஊரில் ஒரு கல்லூரியை மதிப்பிடப் போனால் கட்டடம் எத்தனை சதுர அடி, நூலகத்தில் எத்தனை புத்தகம், ஆசிரியர் எத்தனை பேர் என்பதுதான் முக்கியமான கேள்வி. இப்போது கேள்வியே வேறு: நாலு வருஷம் கழித்து வெளியே வரும் பையனுக்கு என்ன செய்யத் தெரியும், தெரியும் என்று எப்படிச் சொல்கிறாய், தெரியவில்லை என்றால் என்ன மாற்றினாய்? மூன்றாவது கேள்விதான் உயிர். நம் கல்லூரிகள் இரண்டாவது கேள்விக்கு ஒரு ஷீட் தயாரித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டன.

அந்த 2.4 எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். 60 சதவீத மதிப்பெண் என்று ஒரு கோடு போடுகிறீர்கள். வகுப்பில் 70 சதவீதம் பேர் அந்தக் கோட்டைத் தாண்டினால் 3, 60 சதவீதம் பேர் என்றால் 2, 50 என்றால் 1. கல்லூரிக்குக் கல்லூரி இந்தக் கோடு மாறும். அதை நிர்ணயிப்பதே நீங்கள்தான் என்பதால், அட்டெயின்மென்ட் குறைந்தால் கோட்டை 50க்கு இறக்கிவிட்டால் போதும், எண் ஏறிவிடும். இறக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதைவிடப் பெரிய வேடிக்கை பல்கலைக்கழகத் தேர்வு. உங்களுக்கு அங்கிருந்து வருவது ஒரு கிரேடு மட்டும். எந்தக் கேள்விக்கு எத்தனை மதிப்பெண் என்று வராது. அதனால் அந்த ஒரே கிரேடை ஐந்து சி.ஓ.வுக்கும் அப்படியே ஒட்டுகிறீர்கள். ஐந்து பிள்ளைக்கும் ஒரே அளவில் சட்டை தைத்துவிட்டு, எல்லாப் பிள்ளையும் ஒரே உயரம் என்று எழுதிவைப்பது மாதிரி. போதாததற்கு, செமஸ்டர் கடைசியில் மாணவர்களிடம் வாங்கும் சர்வேக்கு 20 சதவீதம் என்று சேர்க்கிறீர்கள். பெரிய பங்கு எல்லாவற்றுக்கும் பொது, மிச்சத்தில் ஒரு பகுதி அவசரத்தில் போட்ட டிக். இந்த எண் எதைச் சொல்லும்?

ஒரு கல்லூரிக்கு ஆலோசனை சொல்லப் போயிருந்தேன். அங்கீகாரத்துக்காக மதிப்பிடும் குழு வருவதற்கு மூன்று ராத்திரி முன்னால், பாடம் நடத்திய பதிவான கோர்ஸ் ஃபைலை, இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து எல்லாரும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ராத்திரி பதினோரு மணிக்குப் புரோட்டா பார்சல் வந்தது. 'எடுத்த நடவடிக்கை' என்ற கட்டத்தில் எல்லாப் பாடத்துக்கும் ஒரே வரி: 'கூடுதல் வகுப்புகள் நடத்தப்பட்டன'. எந்தத் தேதியில் என்று கேட்டேன். சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், வேறென்ன செய்ய.

இப்போது உங்களால் முடிந்தது. எக்ஸெல்லை விடுங்கள், அதை நிரப்பித்தான் ஆக வேண்டும், நிரப்பிவிடுங்கள். உங்கள் கையில் இருப்பது இன்டர்னல், அதாவது கல்லூரியே நடத்தும் தேர்வின் விடைத்தாள். அடுத்த இன்டர்னல் முடிந்ததும் முதல் வரிசை மாணவர் மூன்று பேர், நடுவில் நாலு பேர், தடுமாறுகிறவர்கள் மூன்று பேர் என்று பத்துத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள், ஆனால் அது பானை முழுக்க ஒரே தீயில் வெந்தால்தான். வகுப்பு அப்படி வேகாது. அந்தப் பத்துத் தாளிலும் ஒரே ஒரு கேள்வியை மட்டும் பாருங்கள். மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டாம், எந்த வரியில் தடம் மாறுகிறார்கள் என்று பாருங்கள். ஆறு பேர் ஒரே இடத்தில் தவறினால் அது அவர்கள் தவறல்ல, பாடத்தின் தவறு. நீங்கள் வேகமாகத் தாண்டிய இடமாக இருக்கும், அல்லது முதல் செமஸ்டரில் வந்திருக்க வேண்டிய ஒரு விஷயம் வராமலே போயிருக்கும். அதை ஒரு தாளில் நாலு வரி எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் அதே பாடம் வரும்போது அந்த நாலு வரியைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போங்கள். உங்கள் 2.4 சொல்லாததை அந்த நாலு வரி சொல்லும்.

கேள்வி: எங்கள் கேள்வித்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் 'சி.ஓ.2', 'கே3' என்று போட்டிருக்கிறது. எனக்கு அதனால் என்ன பிரயோஜனம்? (இரண்டாம் ஆண்டு மாணவர், ராயபுரம்)

பதில்: தம்பி, நல்ல கேள்வி. வாத்தியார் சொல்லியிருக்க வேண்டியது.

சி.ஓ. என்பது இந்தப் பாடம் முடிந்ததும் உனக்கு என்னென்ன செய்யத் தெரிய வேண்டும் என்று சிலபஸில் எழுதியிருக்கும் வாக்கியங்கள். சி.ஓ.2 என்றால் அதில் இரண்டாவது. கே என்பது எவ்வளவு ஆழம் என்பது. அமெரிக்காவில் பெஞ்சமின் புளூம் என்பவரும் அவர் குழுவும் 1956இல் அறிவை ஆறு படியாகப் பிரித்தார்கள், 2001இல் ஆண்டர்சன், கிராத்வோல் என்ற இருவர் தலைமையில் அது திருத்தப்பட்டது. நினைவில் வைப்பது, புரிந்துகொள்வது, பயன்படுத்துவது, பிரித்து ஆராய்வது, மதிப்பிடுவது, புதிதாக ஆக்குவது. கே1 முதல் கே6 வரை அதுதான்.

உனக்கு இதில் ஒரு லாபம் இருக்கிறது. பழைய கேள்வித்தாள் நாலை எடுத்து, கே1, கே2 கேள்விகளுக்கு எவ்வளவு மதிப்பெண், கே3க்கும் அதற்கு மேலும் எவ்வளவு என்று கூட்டிப் பார். எதற்கு மனப்பாடம் போதும், எதற்குக் கணக்குப் போட்டுப் பழக வேண்டும் என்று தெரிந்துவிடும். ஆனால் இந்த எண்ணை அப்படியே நம்பாதே. 'ஒப்பிட்டு ஆராய்க' என்று கேள்வி இருக்கும், கே4 என்று போட்டிருப்பார்கள், ஆனால் அந்த ஒப்பீட்டை வகுப்பில் அட்டவணையாகவே நோட்ஸ் கொடுத்திருப்பார்கள், நீ அப்படியே எழுதுவாய். அப்படியானால் அது கே1தான். கேள்வியில் இருக்கும் வினைச்சொல்லை வைத்துப் படியைச் சொல்ல முடியாது, அந்தக் கேள்வியை நீ இதற்கு முன் பார்த்திருக்கிறாயா என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். இதை உன் வாத்தியாரிடம் சொல்லாதே. சரி, சொன்னாலும் பரவாயில்லை.

கேள்வி: நாங்கள் இணைப்புக் கல்லூரி. சிலபஸ் பல்கலைக்கழகத்தின் கையில். மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று தெரிந்தாலும் எங்களால் ஒரு வரி மாற்ற முடியாது. பிறகு எதற்கு இந்த ஆராய்ச்சியெல்லாம்? (துறைத்தலைவர், தாம்பரம்)

பதில்: ஒரு வரி மாற்ற முடியாது, உண்மை. ஆனால் சிலபஸ் வேறு, பாடத்திட்டம் வேறு. சிலபஸ் என்பது ஐந்து யூனிட், ஒவ்வொன்றுக்கும் ஒன்பது மணி நேரம் என்று அச்சடித்த ஒரு பக்கம். எதை எந்த வரிசையில் எடுப்பது, எதற்கு உண்மையில் எத்தனை வகுப்பு, எந்தக் கணக்கை வீட்டுக்குக் கொடுப்பது, லேப் எந்த வாரம், இன்டர்னல் கேள்வி யார் எழுதுவது, இத்தனையும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. அதற்கு முந்தைய 2017 ஒழுங்குமுறையில் இது 20க்கு 80. உங்கள் பங்கு இரண்டு மடங்காகியிருக்கிறது. அந்த 40ஐ பழைய செமஸ்டர் கேள்வித்தாளின் சின்னப் பிரதியாக நடத்துகிறீர்களா, இல்லை வேறு எதையாவது சோதிக்கிறீர்களா?

ஐந்தாவது யூனிட்டின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. முதல் யூனிட்டுக்கு மூன்று வாரம், கடைசி யூனிட்டுக்கு மூன்று நாள். சி.ஓ.வையும் யூனிட்டுக்கு ஒன்று என்று எழுதி வைத்திருப்பதால் ஒவ்வொரு வருஷமும் இன்டர்னலில் சி.ஓ.5 கீழே கிடக்கும், 'மாணவர்களுக்குக் கடினம்' என்று எழுதிவிடுவோம். கடினமா, நேரமில்லையா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர், கல்லூரிக்கு விடுமுறை, தேர்வு தள்ளிப்போனது. அந்த செமஸ்டர் எண்ணையும் மற்ற செமஸ்டர் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'தேர்ச்சி குறைந்துள்ளது' என்று கிராஃப் போட்டால் அது வானிலை அறிக்கை, கல்வி அறிக்கை அல்ல. சென்னையில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் எந்தப் பாடத்திட்ட அட்டவணையும் அதைத் தெரிந்துகொண்டு எழுதப்படுவதில்லை. மழைக்காலத்தில் முடியும் ஒற்றைப்படை செமஸ்டரில் கடினமான யூனிட்டை செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள். இதற்கு எந்தப் பல்கலைக்கழக அனுமதியும் வேண்டாம்.

இன்னொன்று, 'அல்லது' கேள்விகள். பார்ட் பி-யில் 11(அ) அல்லது 11(ஆ) என்று இருக்கும்போது 60 பேரில் 52 பேர் (அ)வை எடுத்துவிட்டால், (ஆ)வில் இருந்த விஷயம் தெரியுமா தெரியாதா என்பதற்கு உங்களிடம் எட்டுத் தாள்தான் இருக்கின்றன. விட்டதையே ஒரு செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் இத்தனை பேர் ஒதுங்குகிறார்கள்?

கேள்வியே சரியில்லாமலும் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கப் பழைய வழி ஒன்று உண்டு. மொத்த மதிப்பெண் வரிசையில் மேலே 27 சதவீதம், கீழே 27 சதவீதம் என்று இரண்டு குழுவாகப் பிரியுங்கள், 60 பேர் வகுப்பில் மேலே 16, கீழே 16 வரும். ஒரு கேள்வியை மேல் குழுவில் எத்தனை பேர் சரியாக எழுதினார்கள், கீழ்க் குழுவில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் அந்தக் கேள்வி யாரையும் பிரித்துக் காட்டவில்லை. கீழ்க் குழு அதிகம் சரியாக எழுதியிருந்தால், விஷயம் தெரிந்தவனைத்தான் உங்கள் கேள்வி குழப்பியிருக்கிறது. நான் எழுதிய கேள்விகளிலேயே இப்படி இரண்டு மாட்டியது, ரொம்ப வெட்கமாக இருந்தது.

கேள்வி: மகளுக்குக் கல்லூரி பார்த்துக்கொண்டிருக்கிறோம். 'நாக் ஏ பிளஸ் பிளஸ்' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். அங்கே சேர்த்தால் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று அர்த்தமா? (பெரம்பூர்)

பதில்: அப்படி நேராக அர்த்தமில்லை. நாக் என்பது 1994இல் பெங்களூருவில் தொடங்கப்பட்ட அமைப்பு, இந்த கிரேடு கொடுத்த முறையில் கல்லூரி முழுவதையும் ஏழு பிரிவில் மதிப்பிட்டு நாலுக்கு எவ்வளவு என்று மதிப்பெண் போட்டது. 3.51 அல்லது அதற்கு மேல் வந்தால் ஏ பிளஸ் பிளஸ். அதில் கற்றலும் ஒரு பங்கு, ஆராய்ச்சி, கட்டடம், நிர்வாகம் இவையும் பங்கு. என்.பி.ஏ. அங்கீகாரம் கல்லூரிக்கு அல்ல, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. அதனால் பொறியியல் என்றால் 'உங்கள் கல்லூரிக்கு என்.பி.ஏ. உண்டா' என்று கேட்காதீர்கள், 'என் மகள் சேரப்போகும் பிரிவுக்கு உண்டா, எந்த வருஷம் வரை' என்று கேளுங்கள். அப்புறம் வாசலில் நிற்கும் மூன்றாம் வருஷப் பெண் ஒருத்தியிடம், 'அசைன்மென்ட் திருத்தித் திரும்பக் கொடுப்பார்களா, என்ன தப்பு என்று எழுதியிருப்பார்களா' என்று கேளுங்கள். போர்டைவிட அந்தப் பதில் உங்களுக்கு உதவும்.

கேள்வி: பி.எஸ்ஸி. இயற்பியல் எடுக்கிறேன். மாணவர்கள் டெரிவேஷன் ஒரு குறையில்லாமல் எழுதுகிறார்கள், முழு மதிப்பெண் போட வேண்டியிருக்கிறது. ஆனால் வகுப்பில் சாதாரணமாக ஒன்று கேட்டால் முழிக்கிறார்கள். மதிப்பெண்ணை நம்புவதா, என் கண்ணை நம்புவதா? (கௌரவ விரிவுரையாளர், வியாசர்பாடி)

பதில்: கண்ணை நம்புங்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

ஒளியியலில் லென்ஸ் சூத்திரம் எடுத்து, அதில் இன்டர்னலும் வைத்து முடித்த மறுவாரம், வகுப்பில் ஒரு கேள்வி போட்டேன். ஒரு குவிலென்ஸ், ஒரு பக்கம் மெழுகுவர்த்தி, மறுபக்கம் வெள்ளைத் தாளில் பிம்பம். லென்ஸின் மேல் பாதியைக் கறுப்புத் தாளால் மூடிவிட்டால் பிம்பம் என்ன ஆகும்? நாலைந்து பேர் தவிர வகுப்பே 'பாதி பிம்பம் போய்விடும்' என்றது. முந்தின வாரம் இன்டர்னலில் லென்ஸ் சூத்திரத்தை வரி பிசகாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கிய அதே பிள்ளைகள். பிம்பம் போகாது, முழுசாக இருக்கும், வெளிச்சம்தான் குறையும், ஏனென்றால் மெழுகுவர்த்தியின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கிளம்பும் கதிர் லென்ஸ் முழுக்க விழுகிறது. இது புரியாதவனுக்கு லென்ஸ் புரியவில்லை. அவனுக்குத்தான் நான் பத்துக்குப் பத்து போட்டிருக்கிறேன்.

இது நம் ஊர்க் குறை என்று நினைக்காதீர்கள். ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியருக்கு 1990 வாக்கில் இதே அதிர்ச்சி வந்தது. நியூட்டன் விதிகள் பற்றிச் சாதாரண வார்த்தையில் ஒரு தேர்வு வைத்தார். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுத வேண்டுமா, நானாக நினைப்பதை எழுத வேண்டுமா என்று கேட்டாளாம். மனிதர் ஆடிப்போய்விட்டார். அதன் பிறகு அவர் வகுப்பு எடுக்கும் விதமே மாறியது: கொஞ்சம் பேசுவார், ஒரு கேள்வி போடுவார், மாணவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடிவிட்டு மறுபடி பதில் சொல்வார்கள்.

1998இல் ரிச்சர்ட் ஹேக் என்பவர் 62 வகுப்புகள், 6,542 மாணவர்களின் முடிவுகளைத் தொகுத்தார். பாடத்துக்கு முன் ஒரு தேர்வு, பின் அதே வகைத் தேர்வு. முதல் தேர்வில் தெரியாமல் இருந்ததில் எத்தனை பங்கைக் கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் கணக்கு. வெறும் விரிவுரை கேட்ட வகுப்புகளில் சராசரி 0.23, பேசி விவாதித்துச் செய்து பார்த்த வகுப்புகளில் 0.48. முன்-பின் தேர்வு இரண்டும் இருந்ததால்தான் இதைச் சொல்ல முடிந்தது. நாம் கடைசித் தேர்வு மட்டும் வைக்கிறோம். அதில் 80 வாங்கிய பெண் பன்னிரண்டாம் வகுப்பிலேயே 75க்குத் தெரிந்து வந்தவளா, நம்மிடம் கற்றவளா என்று நமக்குத் தெரியாது.

என் கதையின் மிச்சம். அந்தப் பதில்களைத் துறையில் காட்டினேன். 'பசங்க சரியில்லை' என்றார் ஒருவர். அவர் வகுப்பிலும் கேட்கச் சொன்னேன், அங்கேயும் அதே கதை. அப்புறம்தான் கவனித்தோம், ஒளியியல் தியரி ஒரு செமஸ்டரில் இருந்தது, அதன் செய்முறை அடுத்த வருஷத்தில் இருந்தது. எந்தக் காலத்தில் யார் அப்படி வைத்தார்களோ, லேப் அறைக்கு இடமில்லை என்பதுதான் காரணம் என்று ஒரு மூத்த அட்டெண்டர் சொன்னார். தன்னாட்சிக் கல்லூரி என்பதால் பாடத்திட்டக் குழுவில் பேசி லென்ஸ் செய்முறைகளைத் தியரிக்கு ஒரு வாரம் முன்னால் கொண்டுவர இரண்டு வருஷம் ஆனது. சூத்திரம் எழுதுவதற்கு முன்பே பிள்ளைகள் கையில் லென்ஸ், மெழுகுவர்த்தி, கறுப்புத் தாள். அதற்குப் பிறகு அதே கேள்விக்கு வகுப்பில் பாதிக்கு மேல் சரியாகச் சொன்னார்கள். பாதிதான், எல்லாரும் இல்லை. மிச்சப் பாதிக்கு என்ன செய்வது என்று நான் ஓய்வு பெறும்வரை பிடிபடவில்லை.

உங்களுக்கு, கௌரவ விரிவுரையாளராக இருப்பதால் குழுவில் குரல் இருக்காது, தெரியும். ஆனாலும் வகுப்பின் கடைசி இரண்டு நிமிஷத்தில் ஒரு துண்டுத் தாளில் 'இன்றைக்கு எது புரியவில்லை' என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள், பெயர் வேண்டாம். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் படித்துவிடலாம். ஒரே சந்தேகம் பத்துத் தாளில் இருந்தால் மறுநாள் முதல் ஐந்து நிமிஷம் அதற்கு.

கேள்வி: என் வணிகவியல் மாணவர்களில் பெரும்பாலோர் தமிழ் வழியில் படித்தவர்கள். விடை தெரிந்தும் கேள்வி புரியாமல் தோற்கிறார்கள் என்று நினைக்கிறேன். எப்படி நிரூபிப்பது? (திருவொற்றியூர்)

பதில்: சுலபம். அதே கேள்வியை ஒரு இன்டர்னலில் ஆங்கிலத்திலும் தமிழிலும் அச்சடித்துக் கொடுங்கள், எந்த மொழியில் வேண்டுமானாலும் விடை எழுதலாம் என்று சொல்லுங்கள். மதிப்பெண் சட்டென்று ஏறினால் தெரியாமல் இருந்தது பாடமல்ல, ஆங்கில வாக்கியம். அப்புறம் முடிவு உங்களுடையது: ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வேண்டுமா (வேண்டும்), அதுவரை வணிகவியல் தெரியாது என்று முத்திரை குத்த வேண்டுமா (வேண்டாம்). அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010இலேயே சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில் தொடங்கிவிட்டார்கள், அதனால் 'தமிழில் முடியாது' என்று யாராவது சொன்னால் வாதாட வேண்டாம், அதைக் காட்டுங்கள்.

கேள்வி: தன்னாட்சிக் கல்லூரியில் பாடத்திட்டக் குழு உறுப்பினர். ஒவ்வொரு கூட்டத்திலும் தொழில்துறையிலிருந்து வருபவர் 'ஏ.ஐ. சேருங்கள், டேட்டா அனலிட்டிக்ஸ் சேருங்கள்' என்கிறார், சேர்க்கிறோம். எதையும் எடுப்பதில்லை. பாடத்திட்டம் வீங்கிக்கொண்டே போகிறது. (நுங்கம்பாக்கம்)

பதில்: லயோலா, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி போன்றவை 1978இலேயே தன்னாட்சி பெற்றுவிட்டன, அதாவது இந்த நகரத்தில் சொந்தமாகப் பாடத்திட்டம் எழுதும் பழக்கத்துக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் வயது. ஆனால் பல குழுக் கூட்டங்கள் இப்போதும் முந்திரி பக்கோடா, காபி, 'பாஸ்டு' என்று ஒரு மணி நேரத்தில் முடிகின்றன. துணைவேந்தர் நியமித்தவர், தொழில்துறைக்காரர், முன்னாள் மாணவர் எல்லாரும் இருப்பார்கள். மாணவர் எழுதிய ஒரு தாள் கூட மேஜையில் இருக்காது.

அடுத்த கூட்டத்துக்கு மூன்றாம் வருஷ புராஜெக்ட் அறிக்கை ஐந்தை எடுத்துப் போங்கள், நல்லது இரண்டு, நடுத்தரம் இரண்டு, மோசம் ஒன்று. காபிக்கு முன்னால் எல்லாரும் இருபது நிமிஷம் படிக்கட்டும். ஏ.ஐ. கேட்கிறவர் முதலில் அதிர்ச்சியாவது பிள்ளைகளால் ஒரு பத்தி கோர்வையாக எழுத முடியவில்லை, ஒரு சராசரியைச் சரியாகப் படிக்கத் தெரியவில்லை என்பதில்தான் இருக்கும். நான் பார்த்தவரை அப்படித்தான் நடந்திருக்கிறது.

அப்புறம் ஒரு பெரிய சார்ட் தாளில் கட்டம் போடுங்கள். மேலே மூன்று வருஷப் பாடங்கள், பக்கவாட்டில் பட்டதாரிக்குத் தெரிய வேண்டியவை. ஒவ்வொரு கட்டத்திலும் 'அறிமுகம்', 'பயிற்சி', 'தேர்ச்சி' என்று மூன்றில் ஒன்று, அல்லது வெற்றிடம். நேர்மையாக நிரப்பினால் ஒரு விஷயம் வெளியே வரும். 'தகவல் தொடர்புத் திறன்' எல்லாப் பாடத்தின் சி.ஓ.விலும் இருக்கும், ஆனால் எழுதிப் பழக வைக்கிற பாடம் ஒன்றுகூட இருக்காது. புள்ளியியல் அறிமுகம் முதல் வருஷம், அதற்குப் பிறகு நாலு செமஸ்டர் வெற்றிடம், திடீரென்று கடைசி செமஸ்டரில் தேர்ச்சி எதிர்பார்ப்போம். அதே சமயம் ஒரே அறிமுகத்தை மூன்று பாடத்தில் மூன்று பேர் தனித்தனியாக எடுத்துக்கொண்டிருப்பார்கள், ஒருவருக்கொருவர் தெரியாது. நீங்கள் எடுக்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது. ஒரு புதுப் பாடம் உள்ளே வர வேண்டுமென்றால் கட்டத்தில் எதை இடிக்கிறது என்று காட்டிவிட்டு வரட்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். சண்டை வரும். 'என் பேப்பரை எடுக்காதே' என்பதுதான் உண்மையான சண்டையாக இருக்கும், ஏனென்றால் பேப்பர் போனால் ஒருவருடைய பணிப்பளு போகும், பணிப்பளு போனால் சிலருக்கு வேலையே போகும். அதைப் பேசாமல் பாடத்திட்டம் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை, முதல்வரை அன்றைக்குக் கூட்டத்தில் உட்கார வையுங்கள்.

கேள்வி: செமஸ்டர் முடிவில் ஒரு சர்வே கொடுக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் 5 போட்டால்தான் ஹால் டிக்கெட் பக்கம் திறக்கும் என்று எங்களுக்குள் ஒரு வதந்தி. நானும் 5, 5, 5 என்று போட்டுவிட்டு வந்துவிட்டேன். தப்பா? (மாணவி, அம்பத்தூர்)

பதில்: தப்பில்லை, ஆனால் பூந்தமல்லி அம்மாவின் 2.4இல் உன் 5ம் இருக்கிறது. அடுத்த தடவை கடைசியில் 'வேறு கருத்து' என்று ஒரு காலிப் பெட்டி இருக்கும், எல்லாரும் 'நில்' என்று போடுவார்களே, அதில் ஒரே ஒரு விஷயம் எழுது. 'சார் நன்றாக நடத்துகிறார்' என்று வேண்டாம். 'மூன்றாவது யூனிட்டில் இரண்டாவது கணக்கு எங்களுக்குப் புரியவேயில்லை, போர்டை அழித்துவிட்டார்' என்று எழுது. ஐந்து பேர் பேசிவைத்து அதையே எழுதினால் இன்னும் நல்லது.